லேபர் ஆபீசுக்குப் போகுமுன் கையில் இருக்க வேண்டிய கணக்கு

கூலிப் பாக்கி கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறவரிடம், நடந்த அநியாயத்தைப் பற்றி அங்கே யாரும் முதலில் கேட்பதில்லை. யாரிடம் வேலை பார்த்தீர்கள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பார்த்தீர்கள், ஒரு நாளைக்கு என்ன கூலி பேசினார்கள், கைக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவில்லை என்றுதான் கேட்பார்கள். இந்தக் கேள்விகளுக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்ல முடிந்தவருடைய மனு அன்றைக்கே பதிவாகிவிடும். சொல்ல முடியாதவர், எவ்வளவு நியாயம் அவர் பக்கம் இருந்தாலும், "விவரத்தோடு வாருங்கள்" என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு, ஒரு நாள் கூலியும் பஸ் காசும் இழந்து திரும்பி வருவார். அப்படித் திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி போவதில்லை என்பதே எனக்குப் பெரிய வருத்தம்.

நான் குமுளியில் வசிக்கிறேன். ஒரு பக்கம் கூடலூரும் கம்பமும், மறுபக்கம் வண்டிப்பெரியாறும் பீர்மேடும் இருக்கிற இந்த ஊரில், மனு எழுதத் தெரிந்தவர் என்று ஒருவருக்குப் பெயர் வந்துவிட்டால் மாலை நேரத்தில் வீட்டுக்கு ஆள் வருவது வழக்கம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களும் வருகிறார்கள்; கம்பமெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் விடியுமுன் ஜீப் ஏறி, வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறைப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய் இருட்டுக்குமுன் திரும்புகிற தேனி மாவட்டத்துப் பெண்களும் வருகிறார்கள். இரு சாராருடைய சிக்கலும் ஒன்றல்ல. தேயிலைத் தோட்டத்தவருக்கு செக்ரோல் என்கிற வருகைப் பதிவேடு உண்டு, சம்பளச் சீட்டு உண்டு, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) எண் உண்டு, பாக்கி நிற்பது பெரும்பாலும் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடையிலும் பி.எஃப்.பிலும்தான். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவருக்கோ, அங்கே அவர் வேலை பார்த்தார் என்பதற்கே காகிதம் கிடையாது. இந்த இரண்டாவது கூட்டத்தாரை மனத்தில் வைத்துத்தான் இதை முதன்மையாக எழுதுகிறேன்.

முதலில் தெளிவாக வேண்டியது எந்த அலுவலகத்துக்குப் போவது என்பது. ரேஷன் கார்டு கம்பத்தில் இருக்கிறது, ஆள் கூட்டிப் போகிற கங்காணியும் கம்பத்துக்காரர், கூலியைக் கையில் கொடுப்பதும் கம்பத்தில் ஜீப் நிற்கும் இடத்தில்தான் என்பதால், தேனியில் உள்ள தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை நடந்த தோட்டம் கேரளத்தில் இருந்தால், கூலி பற்றிய புகாரை விசாரிக்க வேண்டியது கேரளத் தொழிலாளர் துறை. தொழிலாளி எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்து அது மாறாது. அதேபோல, குறைந்தபட்சக் கூலியும் தோட்டம் இருக்கிற மாநிலம் நிர்ணயித்த விகிதப்படிதான் கணக்கிடப்படும். பி.எஃப். மட்டும் மத்திய அரசின் அமைப்பு என்பதால், அதற்கான குறையை எந்த ஊரிலிருந்தும் இணையத்தில் பதியலாம்.

அடுத்து வருவது மொழியைப் பற்றிய தயக்கம். மலையாளத்தில் எழுதத் தெரியாது என்பதற்காகவே மனுக் கொடுக்காமல் இருப்பவர்கள் உண்டு. மக்கள் தங்கள் குறைகளைத் தீர்க்கக் கோரும் மனுவை, ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் கொடுக்கலாம் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 350ஆம் பிரிவு சொல்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அங்கேயே நின்றுவிட்ட தமிழர்களை முன்னிட்டு, 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதவும், பதிலை அதே மொழியில் பெறவும் இடம் கொடுத்திருக்கிறது. ஆகவே தமிழில் எழுதுங்கள். அதே சமயம், வேலை விரைவாக நடக்க வேண்டுமானால் மலையாளம் தெரிந்த பிள்ளை ஒருவரைக் கொண்டு அதன் சுருக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதிச் சேர்த்துக் கொடுப்பது நல்லது. உரிமை இருக்கிறது என்பதற்காக மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைச் சிரமப்படுத்த வேண்டியதில்லை. படித்துப் புரிந்துகொண்டால்தான் அவர் நடவடிக்கை எடுப்பார்.

இனி கணக்குக்கு வருகிறேன். கம்பத்துப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்து, "தம்பி, எங்களுக்குத் தர வேண்டியதத் தரல, அத எழுதிக் குடுங்க" என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். பையிலிருந்து, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட மாதக் காலண்டர் ஒன்றை எடுத்து விரித்தார். ஜவுளிக்கடையில் கொடுத்த காலண்டர் அது. முழு நாள் வேலைக்குத் தேதியைச் சுற்றி முழு வட்டம். மழை கொட்டி மத்தியானமே ஜீப் திரும்பிய நாளுக்குப் பாதி வட்டம். ஜீப் வராத நாளுக்கு ஒன்றுமில்லை. சனிக்கிழமைக் கட்டத்துக்குள், கங்காணி கொடுத்த தொகை பென்சிலில் பொடி எழுத்தில் எழுதியிருந்தது. எழுதியது எட்டாம் வகுப்புப் படிக்கிற அவருடைய மகள். சில கட்டங்களில் ஏலக்காய்ச் சாறு பட்ட விரல் ரேகைகூடப் படிந்திருந்தது. வக்கீல் வைத்து வாதாடினாலும் இதைவிட நல்ல ஆவணம் அவருக்குக் கிடைத்திருக்காது. வேலை பார்த்த அன்றன்றே, புகார் கொடுக்கும் எண்ணமே இல்லாத காலத்தில் குறித்து வைத்த கணக்கு அது. மனு எழுத உட்கார்ந்த பிறகு நினைவிலிருந்து எழுதும் பட்டியலுக்கு அந்த மதிப்பு இருக்க முடியாது.

ஆகவே, இன்று எந்தக் குறையும் இல்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவரும் இன்றே குறிக்கத் தொடங்க வேண்டும். தேதி, எந்தத் தோட்டம், காய் எடுப்பா களையெடுப்பா கவாத்தா மருந்தடிப்பா, எத்தனை மணிக்கு ஏறி எத்தனை மணிக்கு இறங்கினார், கூட வந்தவர்கள் யார், வாரக் கடைசியில் கையில் வந்தது எவ்வளவு என்பவை போதும். ஒரு சின்ன நோட்டும் பேனாவும் இருந்தால் ஆயிற்று. முதலாளியிடம் ஒரு நோட்டு இருக்கிறது, கங்காணியிடம் ஒரு நோட்டு இருக்கிறது, உழைத்தவரிடம் மட்டும் நோட்டு இல்லை என்கிற நிலைமைதான், பேச்சுவார்த்தை நடக்கும் ஒவ்வொரு மேசையிலும் அவரை வாயடைத்து உட்கார வைக்கிறது.

சட்டம் இந்த இடத்தில் தொழிலாளியின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கூலி தரவில்லை, குறைத்துத் தந்தார்கள், பிடித்தம் செய்துவிட்டார்கள் என்று கோரிக்கை வைக்கப்பட்டால், கொடுத்தாகிவிட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஆனால், இன்னாருடைய தோட்டத்தில் நான் வேலை பார்த்தேன் என்பதைக் காட்ட வேண்டியது தொழிலாளிதான். ஏலத்தோட்டத்துக் கூலிக்காரர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஏனென்றால் பலருக்குத் தோட்டக்காரரின் பெயர் தெரியாது. "கோட்டயத்துக்காரர் தோட்டம்", "வளைவுத் தோட்டம்", "டாக்டர் தோட்டம்" என்று ஜீப்பில் வழங்கும் பெயரை மனுவில் எழுதினால் நோட்டீஸ் யாருக்கு அனுப்புவது? பெயரைக் கண்டுபிடிக்க வழிகள் உண்டு. வேலையில் இருக்கும்போதே அவற்றைக் கவனிக்க வேண்டும், விலகிய பிறகு தோட்டத்து கேட்டுக்குள் விடமாட்டார்கள். காய் உலர்த்தும் ஸ்டோரில் மின்வாரிய பில் ஒட்டியிருக்கும் அல்லது செருகியிருக்கும். அதில் பெயரும் நுகர்வோர் எண்ணும் இருக்கும். புட்டடியிலோ போடிநாயக்கனூரிலோ ஏல விற்பனைக்குப் போகும் காய் மூட்டையில் பெயரோ அடையாளமோ எழுதியிருப்பார்கள். உரக்கடை ரசீது, கேட்டில் உள்ள பலகை, எந்தப் பஞ்சாயத்து, எந்த வார்டு என்கிற விவரம் எல்லாமே உதவும். எப்போதாவது ஜிபேயில் பணம் வந்திருந்தால், அனுப்பியவரின் பெயரும் தேதியும் தெரிகிற அந்தத் திரையை உடனே படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தொகை சிறியதானாலும் அது ஒரு காகிதத்துக்குச் சமம். ஜீப்பின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதே ஜீப்பில் வந்து அதே வரிசையில் காய் எடுத்த இரண்டு பேர் தங்கள் பெயரைச் சொல்ல முன்வந்தால் அது பெரிய பலம். அவர்களுக்கும் பாக்கி இருந்தால் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுப்பது இன்னும் நல்லது. தனியாள் கேட்டால் மறுநாள் ஜீப்பில் இடம் இல்லை என்பார்கள், பன்னிரண்டு பேர் கேட்டால் ஜீப்பே காலியாகத்தான் போகும்.

கங்காணியை நம்பித்தானே வந்தோம், முதலாளியை எப்படிக் கேட்பது என்று தயங்குவோர் உண்டு. ஆள் கூட்டி வந்தவர் கூலி கொடுக்கத் தவறினால் தோட்ட உரிமையாளர் பொறுப்பேற்க வேண்டும் என்பது ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்த 1970ஆம் ஆண்டு முதலே இருக்கிற ஏற்பாடு. மனுவில் இருவர் பெயரையும் எழுத வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐந்து ஹெக்டேருக்கும் குறைவான சிறு தோட்டமாக இருந்தால், தோட்டத் தொழிலாளருக்கென்று உள்ள சட்ட ஏற்பாடுகள் அங்கே பொருந்தாமல் போகலாம். ஏலமலையில் அப்படிப்பட்ட தோட்டங்கள் நிறைய. அதனால் குறைந்தபட்சக் கூலியும் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குறைந்தபட்சக் கூலி என்பது தோட்டத்தின் பரப்பைப் பார்த்து வருவதன்று.

தொகையை எழுதும்போது வட்டமாக ஒரு எண்ணைப் போடக்கூடாது. நாளொன்றுக்கு 500 ரூபாய் பேசி 450 கொடுத்தார்கள், அப்படி 68 நாள் வேலை பார்த்தார், அதற்குப் பிறகு பார்த்த 11 நாளுக்கு ஒன்றும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். 68 நாளுக்கு 50 ரூபாய் வீதம் 3,400. 11 நாளுக்கு 500 வீதம் 5,500. ஆக 8,900 ரூபாய். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு அட்வான்ஸ் வாங்கியது 2,000 என்றால் அதைக் கழித்து 6,900 என்று எழுத வேண்டும். அட்வான்ஸை எழுதாமல் விட்டால் நல்லது என்று சொல்லிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது கெடுதல். எதிர்த்தரப்பு முதலில் எடுத்து வைப்பது அந்த அட்வான்ஸ் கணக்கைத்தான். அதைத் தொழிலாளியே சொல்லியிருந்தால், மற்ற எண்களையும் அதிகாரி நம்புவார்.

எண்ணின் வலிமையை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 2015 செப்டம்பரில் மூணாறுத் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சாலையில் உட்கார்ந்தபோது, "பெம்பிளை ஒருமை" என்று நாடே பேசிய அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகள் எண்களாகவே இருந்தன. பாதியாகக் குறைக்கப்பட்ட போனஸ் மீண்டும் 20 சதவீதமாக வேண்டும், 232 ரூபாயாக இருந்த நாள்கூலி 500 ஆக வேண்டும். போனஸ் விஷயத்தில் அந்த 20 சதவீதம் கருணைத் தொகையையும் சேர்த்துக் கிடைத்தது. கூலி, பிறகு நடந்த பேச்சில், 301 ரூபாயானது. முன்னால் என்ன வந்தது, இப்போது என்ன வருகிறது என்று ஒவ்வொரு பெண்ணும் சம்பளச் சீட்டைப் பார்த்துச் சொல்ல முடிந்தது. தொழிற்சங்கத் தலைவர்கள் யாருமில்லாமலேயே அவர்கள் பேசியது எடுபட்டதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

தேயிலைத் தோட்டத்தவர்களுக்கு வருகிறேன். 2000ஆம் ஆண்டையொட்டிப் பீர்மேடு தாலுகாவில் பல தோட்டங்கள் கைவிடப்பட்ட பிறகு, ஓய்வு பெற்றும் கிராஜுவிட்டி வராமல், அது வரும் வரை லயத்தைவிட்டு இறங்க மனமும் இல்லாமல் கிடக்கும் முதியவர்கள் இங்கே ஏராளம். கிராஜுவிட்டிக் கணக்கு யாரும் போடக்கூடியது. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலி. கடைசியாக வாங்கிய கூலியே அடிப்படை. கடைசி நாள்கூலி 400 ரூபாய், வேலை பார்த்தது 22 ஆண்டு என்றால், 400ஐ 15ஆல் பெருக்கி 22ஆல் பெருக்க 1,32,000 ரூபாய் வரும். வேலையை விட்ட 30 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும்; தாமதத்துக்கு வட்டி உண்டு. வேலையில் இருக்கும்போது இறந்துபோனவரின் குடும்பத்துக்கு ஐந்து ஆண்டு என்கிற நிபந்தனை கிடையாது. இதற்கு வேண்டியது வேலையில் சேர்ந்த தேதிக்கும் விலகிய தேதிக்குமான சான்று. பழைய சம்பளச் சீட்டுகள் தகரப் பெட்டிக்குள் கரையான் அரித்துக் கிடக்கும் முன் அவற்றைப் படமெடுத்துப் பிள்ளைகளின் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எஃப்.பில் எல்லையோரத்துக்கே உரிய ஒரு தொல்லை இருக்கிறது. தமிழ்நாட்டில் எடுத்த ஆதாரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் இருக்கும். தோட்டத்து ஆபீசில் எழுதிய பதிவில் அது பின்னால் போயிருக்கும். முத்துலட்சுமி அங்கே முத்துலெக்ஷ்மி ஆகியிருப்பார். ஆங்கில எழுத்து ஒன்று மாறினாலும் கணினி அவரை வேறு ஆளாகத்தான் பார்க்கும். பிறந்த தேதி பெரும்பாலும் கிளார்க் மதிப்பாகப் போட்டது. பணம் கேட்கப் போகும்போது இதைக் கண்டுபிடித்தால் மாதக்கணக்கில் அலைச்சல். எனவே, பி.எஃப். கணக்குக்கான பன்னிரண்டு இலக்க யு.ஏ.என். எண்ணை வாங்கி, வேலையில் இருக்கும்போதே பெயரையும் தேதியையும் ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்திருக்கிற தொகை பாஸ்புக்கில் ஏறியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்ட மாதங்கள் இருந்தால், சீட்டையும் பாஸ்புக்கையும் அருகருகே வைத்து, எந்தெந்த மாதம் என்று எழுதினாலே புகார் முழுமையாகிவிடும்.

காலக்கெடுவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய சட்டங்களின்படி குறைந்தபட்சக் கூலிக் குறைவுக்கு ஆறு மாதத்துக்குள்ளும், சம்பளப் பாக்கிக்குப் பன்னிரண்டு மாதத்துக்குள்ளும் மனுச் செய்ய வேண்டும். புதிய ஊதியத் தொகுப்பில் அது மூன்று ஆண்டு. 2025 நவம்பர் 21ஆம் தேதி, 29 பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக இந்த ஊதியத் தொகுப்பு உள்ளிட்ட நான்கு சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. கேரள அரசு அப்போது அவற்றை எதிர்த்தது. இந்த இழுபறியில் எது செல்லும் என்று ஆராய்ந்துகொண்டிருப்பது கூலிக்காரரின் வேலையன்று. ஆறு மாதம்தான் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அதற்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள். மனுவில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று எழுதவும் வேண்டாம். நடந்ததைத் தேதியோடு எழுதினால், பிரிவைத் தேர்ந்தெடுப்பது அலுவலகத்தின் பொறுப்பு.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்பவர்கள் சட்டப் பணிகள் குழுவை நாடலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலை, தோட்டம் போன்ற இடங்களில் உழைக்கும் தொழிலாளருக்கும் வருமானம் பார்க்காமலேயே இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். தொழிற்சங்கத்தில் சந்தா கட்டுபவராக இருந்தால் அங்கேயும் எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வருவது எந்தச் சங்கத்திலும் நிற்பதில்லை.

மனுவை இரண்டு படியாக எழுதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டுதான் படியிறங்க வேண்டும். அசல் காகிதம் எதையும் கொடுத்துவிடக்கூடாது, நகல் போதும். பேச்சுவார்த்தைக்குத் தேதி போடும்போது, ஆவணி முதல் தை வரை காய் எடுப்புக் காலம், ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பதைச் சொல்லி, எல்லோரும் வரக்கூடிய நாளாகக் கேட்கலாம்; கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். அந்தத் தேதிக்கு முன்னால் சூப்பர்வைசர் வீடு தேடி வந்து, பாதிப் பணத்தை நீட்டி, "முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று எழுதிய தாளில் கைநாட்டுக் கேட்பது உண்டு. பணம் வேண்டாம் என்று சொல்ல முடியாத வீடுகள்தான் எல்லாம். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அந்தத் தாளில் "பாக்கியில் ஒரு பகுதியாக இத்தனை ரூபாய் பெற்றேன்" என்று எழுத வைத்து, தேதி போட்டு, அதையும் படமெடுத்துக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். அப்படி எழுத அவர் சம்மதிக்காவிட்டால், பணத்தை அதிகாரியின் முன்னால் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

காலண்டர் கொண்டுவந்த அக்காவின் மனுவைப் பத்துப் பேர் கையெழுத்தோடு கொடுத்திருக்கிறோம். விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை. மகள் இப்போது ஒரு நீள நோட்டு வாங்கி, காலண்டரில் உள்ள வட்டங்களை மாதவாரியாக அதில் எடுத்தெழுதி வருகிறாள். ஜீப்பில் வரும் மற்றப் பெண்களின் நாள்களையும் அவர்கள் கேட்டுக்கொண்டபடி தனித்தனிப் பக்கத்தில் சேர்த்து எழுதத் தொடங்கியிருக்கிறாள்.